கிராப் கட்டளைக்கு ‘ஓரங்கழி’ சரிப்படுமா?

நண்பர்களே, வணக்கம்.

படத்திருத்தச் செயலியில் படத்தின் வேண்டாத ஓரங்களை நீக்கும் ‘கிராப்’ (crop) கட்டளையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், ‘வெட்டு’ போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. வெட்டு, நகலெடு, ஒட்டு என்று அந்தச் சொல் ஏற்கெனவே ‘கட்’டுக்கு (cut) போய்விட்டது. தவிர, இரண்டும் எதிரெதிர் வேலைகள். கட் கொடுத்தால் நாம் தேர்ந்தெடுத்த பகுதி போய்விடும். கிராப் கொடுத்தால் அது மட்டும்தான் மிஞ்சும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையே காணாமல் போவார்.

‘கொய்’ என்ற இன்னொரு யோசனை ஆங்கில மூலத்துக்கு நெருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் கிராப் என்பது பெயர்ச்சொல்: செடியின் தலைப்பகுதி, கதிர். பறவையின் தொண்டைப்பைக்கும் அதே பெயர். தலையைக் கொய்வது பிறகு வினையாயிற்று. கொய்த விளைச்சலும் கிராப், ஆடுமாடு புல் நுனியைக் கடிப்பதும் கிராப். ஒட்ட வெட்டிய முடிக்கும் அதுவே வந்தது. குடுமியை எடுத்துவிட்டு நம் ஆட்கள் ‘கிராப்பு’ வைத்துக்கொண்டதில் அந்தச் சொல் தமிழனின் தலையிலும் ஏறிவிட்டது! ஆனால் படத்துக்கு ஏது தலை? இருப்பது நான்கு ஓரம். பொத்தானில் ‘கொய்’ என்று பார்த்தால் பூப்பறிக்கும் விளையாட்டு என்று நினைப்பார்கள்.

‘கத்தரி’ நல்ல சொல்தான். பெங்களூரில் இருப்பவன் என்பதால் ஒரு தயக்கம்: கன்னடத்தில் ‘கத்தரிசு’ என்றால் வெட்டு. இரண்டு மொழியிலும் கணினி பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் மறுபடி ‘கட்’டிலேயே போய் விழுவோம்.

‘செதுக்கு’ சில இடங்களில் புழங்குகிறது. சிற்பி வேண்டாததை நீக்கி உருவத்தை விடுகிறான் என்ற வகையில் பொருந்தும். ஆனால் அல்சூர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் கேட்டேன்; ‘முகத்தை மெருகேற்றுவதா?’ என்றார்.

தோட்டத்தில் கிளை கழிப்பார்கள், வயலில் வரப்புக் கழிப்பார்கள். (கவாத்து என்றும் சொல்லலாம், போலீஸ் அணிவகுப்பு நினைவுக்கு வரும், வேண்டாம்.) வரப்பின் ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டு வரப்பை விட்டுவைப்பதுதான் அங்கே வேலை; படத்துக்குக் கிராப் செய்வதும் அதுதான். ‘கழி’ மட்டும் போட்டால் கணக்கில் போய் நிற்கும். அதனால்தான் ‘ஓரங்கழி’. படத்தை ஓரங்கழி, ஓரங்கழித்த படம், ஓரங்கழிப்பு என்று வடிவங்களும் சிக்கலில்லாமல் வருகின்றன.

பேச்சில் ‘கிராப் பண்ணு’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் ‘கிராப் மார்க்’ எனப்படும், அச்சகத்தில் தாளின் மூலையில் போடும் குறியைக் ‘கட்டிங் மார்க்’ என்கிறார்கள். அங்கே தாள் உண்மையிலேயே வெட்டுப்படுகிறது, அதற்கு ‘வெட்டுக்குறி’யே இருக்கட்டும். திறன்பேசியின் சின்னப் பொத்தானில் ‘ஓரங்கழி’ அடங்குமா என்று யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.