ஒரே பருவத்தில் 3 வெற்றியிலிருந்து 11: இதை எல்லாப் பயிற்றுவிப்பாளரிடமும் கேட்கலாமா?

வெள்ளவத்தையான்:
என் அக்காவின் மகன் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனால்தான் அங்குள்ள கல்லூரிப் புட்போல் (காற்பந்தல்ல, றக்பி போல் நீள்வட்டப் பந்தைக் கையிலெடுத்து ஆடும் அமெரிக்க ஆட்டம்) எனக்குப் பழக்கமானது. 2023இல் 12 போட்டிகளில் 3ஐ மட்டும் வென்ற அணி அது. 2024 பருவத்துக்குக் கர்ட் சிக்னெட்டி என்ற 63 வயதுக்காரர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தார். முதல் 10 போட்டிகளும் வெற்றி! 1887இல் ஆடத் தொடங்கிய அணி, அதற்குமுன் எந்தப் பருவத்திலும் 10 வெற்றியைக் கண்டதில்லை.

மொத்தம் 11 வெற்றியோடு நொக்அவுட் சுற்றுக்குப் போய், நோட்ர டேம் பல்கலைக்கழக அணியுடன் மோதியபோது நமக்கு டிசம்பர் 21 காலை ஆறரை மணி. 27-3 என்று பின்தங்கிய பிறகும் பிள்ளைகள் விடவில்லை. கடைசி நிமிடங்களில் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி பெறுவது). 27-17 என்று தோற்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கதையை எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் பகிர்ந்தேன். எங்கள் றக்பி அணிக்கும் புதிய பயிற்றுவிப்பாளர். முதல் பருவத்தில் 7 போட்டிகளில் 5 தோல்வி. இப்போது, "சிக்னெட்டி ஒரு வருடத்தில் செய்ததை இவரால் ஏன் முடியவில்லை? மாற்றுங்கள்" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன பதில் சொல்வது?

தெகிவளை வாசி:
அண்ணா, சிக்னெட்டி வெறுங்கையோடு வரவில்லை. முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்கள் அவருடன் வந்தார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக் குர்ட்டிஸ் ரூர்க் வந்தது ஓஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே பல்கலைக்கழகம் மாறும் வீரர் அடுத்த பருவமே களமிறங்கலாம். உங்கள் பயிற்றுவிப்பாளர் தரம் 6இலிருந்து அங்கேயே படிக்கும் பிள்ளைகளை வைத்துத்தானே அணி கட்ட வேண்டும்?

கொட்டாஞ்சேனை 13:
வீரர்கள் வந்தார்கள் என்பதோடு நிறுத்தினால் அந்த மனிதருக்கு அநியாயம். அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் நிக் சேபனின் உதவியாளராக இருந்தவர் சிக்னெட்டி. 2009 பருவத்தில் அந்த அணி தேசிய சம்பியன். அந்த இடத்தை விட்டு, 2011இல் பென்சில்வேனியாவில் தன் தந்தை முன்பு பயிற்றுவித்த இரண்டாம் பிரிவு அணிக்குப் போனார். பிறகு ஈலோன், ஜேம்ஸ் மேடிசன். இந்தியானாவில் கால் வைக்கும்போதே 13 பருவங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்துவிட்டார். உங்கள் பயிற்றுவிப்பாளருக்கு இது எத்தனையாவது பருவம் என்று கூட்டத்தில் கேளுங்கள் ஐயா.

பம்பலப்பிட்டி ரசிகன்:
தோல்விகளையும் பிரித்துப் பாருங்கள். இந்தியானா தோற்றது இரண்டே அணிகளிடம்: ஒன்று நோட்ர டேம், மற்றது 38-15 என வென்ற ஓஹையோ ஸ்டேட் (ரூர்க் இருந்த ஓஹையோ வேறு). இறுதிப் போட்டியில் மோதியவையும் அதே இரண்டு அணிகள்தான். உங்கள் 5 தோல்விகள் யாரிடம், எத்தனை புள்ளியில்?

வெள்ளவத்தையான்:
மூவருக்கும் நன்றி. புள்ளிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 5 தோல்விகளில் 3, கடைசிப் பத்து நிமிடத்தில் கைவிட்டுப் போனவை. அதுவரை முன்னணியில் இருந்தது நாங்கள்தான். பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரிகிறது, மூச்சுத்தான் போதவில்லை. அதைச் சரிசெய்ய ஓர் உடற்பயிற்சி ஆலோசகரை எங்கள் பயிற்றுவிப்பாளர் ஜனவரியிலேயே கேட்டார். சங்கம் பணமில்லை என்றது. அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன்.