மேனர்: பண்ணையா, ஜமீனா, நிலக்கிழமையா?

வணக்கம்.

இங்கிலாந்தின் உள்ளூர் வரலாறு பற்றிய கட்டுரைகளில் 'மேனர்' (ஒரு பிரபுவின் நில உரிமையும் குடிகளும் நீதிமன்றமும் சேர்ந்த அமைப்பு) வரும் இடங்களில் 'பண்ணை' என்றும் 'ஜமீன்' என்றும் 'மாளிகை' என்றும் மாறி மாறி எழுதியிருக்கிறோம். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு பற்றிய பத்தியில் 'மாளிகைகளின் கணக்கெடுப்பு' என்றே வந்துவிட்டது. ஒரு சொல்லில் நிலைப்போம். என் முன்மொழிவு 'பண்ணை'. காப்பிஹோல்டுக்கு (மேனர் நீதிமன்ற ஏட்டின் நகலே ஆவணமாக இருந்த நில உரிமை) 'நகலுரிமை', ஹெரியட்டுக்கு (குடியானவர் இறந்தால் பிரபுவுக்குச் சேரும் மாடு அல்லது பொருள்) 'சாக்கடமை', பாரிஷுக்கு (ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதி) 'பங்கு'.

— — —

> என் முன்மொழிவு 'பண்ணை'.

பண்ணை வேண்டாம் ஐயா. அது மேனரின் ஒரு பகுதிக்கு உரிய சொல். பிரபு தன் கையில் வைத்துக்கொண்டு பயிரிடுவித்த நிலம் டெமீன். மீதி குடிகளிடம் இருந்தது. அது போக மேய்ச்சல் நிலமும் தரிசும் உண்டு. 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன்தாரின் சொந்தச் சாகுபடி நிலத்துக்கு வழங்கும் பெயர்களில் கம்பத்தத்தோடு பண்ணையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே டெமீன்தான் 'பண்ணை நிலம்'. முழு மேனருக்கும் அதையே வைத்தால் 'பண்ணையின் பண்ணை நிலம்' என்று எழுத வேண்டிவரும்.

ஜமீனும் பொருந்தாது. ஜமீன்தார் குடிகளிடம் தண்டி அரசுக்குப் பேஷ்குஷ் என்ற வரித்தொகையைக் கட்டியவர். மேனர் பிரபு வரி தண்டித் தருபவரல்லர். அரசரிடமோ இன்னொரு பிரபுவிடமோ பணிக்கு ஈடாக நிலம் பெற்றவர். 1290-இல் வந்த கியா எம்ப்டோரிஸ் சட்டம் அப்படிக் கீழ்க்கீழாக மானியம் விடுவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு புதிய மேனர் உண்டாக வழியில்லை.

மேனரை மேனராக்குவது நிலத்தைவிட அதன் நீதிமன்றம். 'கோர்ட் பேரன்' எனப்படும் அந்த நீதிமன்றம் கூடி நடக்க வேண்டுமானால் சுதந்திரக் குடிகள் இருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் பார்வையில் அது பெயரளவு மேனர்தான். எனவே நாம் தேடும் சொல்லில் உரிமை என்ற பொருள் இருக்க வேண்டும். ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்கிறோமே, அந்தக் கிழமை இங்கே உதவும். பிரபு நிலக்கிழார், மேனர் 'நிலக்கிழமை'.

— — —

நிலக்கிழமை என்றதும் வாசகர் திங்கள், செவ்வாய்க்குப் போய்விட மாட்டாரா?

சோழர் கல்வெட்டுகளில் மேலுரிமைக்கு 'மீயாட்சி', உழுபவர் உரிமைக்குக் 'காராண்மை' என்று இரட்டைச் சொல் இருக்கிறது. மேனருக்கு மீயாட்சி என்றால் என்ன?

'நகலுரிமை' வேண்டவே வேண்டாம். பத்தில் ஒன்பது பேர் பதிப்புரிமை என்றுதான் படிப்பார்கள். 'சாக்கடமை'யை வேகமாகப் படித்தால் சாக்கடை.

— — —

மீயாட்சி அருமையான சொல். ஆனால் அது ஒரு துண்டு நிலத்தின் மேலுள்ள மேலுரிமை. லார்ட்ஷிப்புக்கு, அதாவது பிரபுவின் உரிமைக்கு, அதை வைத்துக்கொள்வோம். மேனர் என்பது அந்த உரிமையோடு எல்லை, குடிகள், வழக்கம், நீதிமன்றம் எல்லாம் சேர்ந்த கட்டு; அதற்கு நிலக்கிழமையே இருக்கட்டும். 'நில' முன்னால் நிற்பதால் வாரநாள் குழப்பம் வராது. தனியே 'கிழமை' என்று மட்டும் சுருக்காதீர்கள்.

காப்பிஹோல்டுக்குச் சொல் தேடும் முன் அது நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். நிலத்தை விற்பவர் நேராக வாங்குபவரிடம் கொடுக்க முடியாது. நீதிமன்றத்தில் பிரபுவின் காரியஸ்தரான ஸ்டூவர்டிடம், பெரும்பாலும் ஒரு கோலைக் கொடுத்து, 'இன்னார் பயனுக்காக' என்று பிரபுவிடம் நிலத்தை ஒப்படைப்பார். வாங்குபவர் நுழைவுக் கட்டணம் கட்டி, பற்றுறுதி சொல்லி, அதே கோலைப் பெற்று நிலத்தில் ஏற்கப்படுவார். இது நீதிமன்றச் சுருளில், அதாவது அதன் பதிவேட்டில், ஏறும். அந்தப் பதிவின் நகலே அவருடைய ஆவணம். குடியானவர் இறந்தால் வாரிசை அடுத்தடுத்த நீதிமன்றங்களில் மூன்று முறை கூப்பிடுவார்கள். வராவிட்டால் நிலம் பிரபு கைக்குப் போகும். வாரிசு மூத்த மகன்தான் என்று எழுதிவிடாதீர்கள். சில மேனர்களின் வழக்கப்படி கடைக்குட்டிக்கே நிலம். உரிமை ஏட்டில் இருப்பதால் 'ஏட்டுக்காணி' என்கிறேன். ஏட்டுக்காணி 1926 ஜனவரி 1-இல் ஒழிந்தது. ஒழித்த சட்டத்தின் ஆண்டு 1922. இரண்டையும் குழப்பிய கட்டுரை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ஹெரியட் இறந்தவரின் சிறந்த மாட்டையோ பொருளையோ பிரபு எடுத்துக்கொள்வது. 'இறப்பு வரி' என்றால் அரசு வரியாகிவிடும். ஹெரியட் என்றே விடுவோம்.

— — —

பாரிஷ் விஷயம் விட்டுப்போயிற்று. கத்தோலிக்கர் வழக்கில் பங்கு சரிதான், ஆனால் மிராசு ஊர்களைப் பற்றிப் படித்தவருக்குப் பங்கு என்றால் நிலப்பங்கு. 'பங்குத்தளம்' என்றால் தெளிவு. 1894-க்குப் பிறகு உள்ளாட்சி மன்றம் உள்ள பாரிஷைக் 'குடிமைப் பங்குத்தளம்' எனலாம்.

இதைவிடப் பெரிய பிழை, நிலக்கிழமையையும் பங்குத்தளத்தையும் ஒன்றாக்குவது. ஒரு பங்குத்தளத்துக்குள் நான்கு நிலக்கிழமை இருக்கலாம். யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு நிலக்கிழமையோ பல பங்குத்தளங்களில் பரந்து கிடந்தது. ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் குடியானவரின் நிலக் கைமாற்றம் 1274-இலிருந்து கிடைக்கும் வேக்ஃபீல்டு சுருள்களில் இருக்கும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குத்தளப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். அவ்வேடு 1538-இல்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் 'ஊர்' என்று எழுதினால் தேடுபவர் தவறான ஏட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. சுருளில் '1700 பிப்ரவரி 10' என்றிருந்தால் நம் கணக்கில் 1701. '1700/01' என்று இரண்டையும் போடுங்கள்.

ஸ்காட்லாந்துக் கட்டுரைகளில் நிலக்கிழமை என்று மாற்ற வேண்டாம். அங்கே இருந்தது 'பேரனி' என்ற வேறு வகைப் பிரபு நில அமைப்பு, சட்டமும் வேறு.