சிந்தனைக் குழுக்களின் பணத் தடம்: பென்ட்லி நூலக நகல்களை வாங்கியவர் உண்டா?

வணக்கம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பாதியில் நிற்கிறேன். 2013இல் செனட் சபையில் 68-32 என நிறைவேறிய மசோதா, கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதை எதிர்த்த அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் தேடல். நானும் வேலை அனுமதியில் வந்து நிரந்தரவாசி ஆனவன். யார் உள்ளே வரலாம் என்பதை யாருடைய பணம் பேசுகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல.

மூன்று வாரமாகப் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருகிறேன். குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் 'ஃபேர்' (1979), குடியேற்ற ஆய்வு மையம் (1985) ஆகிய இரண்டு அமைப்புகளின் தொடக்கத்திலும் மிச்சிகன் கண் மருத்துவர் ஜான் டான்டன் இருந்தார். இலாப நோக்கற்ற அமைப்புகள் அமெரிக்க வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவங்களில் அவற்றினுடையதைப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் படித்தேன். வரவுத் தொகை இருக்கிறது, கொடுத்தவர் பெயர் இல்லை. எனவே தலைகீழாகத் தேடினேன். தனியார் அறக்கட்டளைகள் தாம் கொடுத்ததை 990-பிஎஃப் படிவத்தில் சொல்லியே ஆகவேண்டும். பிட்ஸ்பர்க்கின் கோல்காம் அறக்கட்டளை அப்படித்தான் அகப்பட்டது. கொடையாளரின் பணத்தை வாங்கித் தம் பெயரில் கொடுக்கும் கொடையாளர் ஆலோசனை நிதிகளிடம் வந்தால் நூல் அறுந்துவிடுகிறது.

மீதமிருப்பது டான்டனின் கடிதங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பகுதி 2035 வரை பூட்டு. நேரில் போக எனக்கு வழியில்லை.

திறந்திருக்கும் பெட்டிகளின் நகலைச் சிங்கப்பூரிலிருந்தே கேட்டு வாங்கியவர் யாராவது இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று சொல்வீர்களா?