தேநீர் நிறத்தில் நீச்சல் தொட்டி: வழி சொல்லுங்கள்

வணக்கம். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக முற்றத்தில் பத்தடி அகல நீச்சல் தொட்டி ஒன்றைப் பொருத்தினோம். ஏறக்குறைய 4,400 லிட்டர் பிடிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பினேன். முதல் நாள் பளிங்குதான். குளோரின் தூள் போட்ட ஒரு மணி நேரத்தில் தேநீர் நிறமாகிவிட்டது! நீரில் கரைந்திருக்கும் இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.8 காட்டுகிறது. தொட்டியோடு வந்த சிறிய பம்பின் காகித வடிகட்டியைத் தினமும் இருமுறை கழுவுகிறேன், கலங்கல் தெளியவில்லை. படிகாரம் போட்டு, இரவு முழுவதும் பம்பை நிறுத்திவைத்து, அடிவண்டலை உறிஞ்சி எடுத்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? இந்தக் கொள்ளளவுக்கு எத்தனை கிராம் போடலாம்? பி.எச். அளவை முதலில் குறைக்க வேண்டுமா?

"கொட்டிவிட்டு லாரித் தண்ணீர் வாங்குங்கள், மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். இந்த வெயிலில் அத்தனை நீரையும் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை.