துரித உணவகக் கிளையில் வேலை: முறையிட வேண்டியது யாரிடம்?

கேள்வி:
ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரில் கிளை நடத்த வேறொருவர் உரிமம் பெறும் ஃபிரான்சைஸ் முறையில் நடக்கும் ஒரு துரித உணவகத்தில் எட்டு மாதங்களாக வேலை செய்கிறேன். இரவு ஒரு மணிக்குக் கடையை அடைத்து, பொரிக்கும் எண்ணெயை வடிகட்டிவிட்டுப் போகிறவர்களையே காலை ஏழு மணிக்குத் திறக்கவும் வரச் சொல்கிறார்கள். வருகைப் பதிவை முடித்த பின்னர் தரையைத் துடைக்க வைப்பதும், கூட்டம் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. தலைமை நிறுவனத்துக்கு எழுதினேன். நீங்கள் எங்கள் ஊழியர் அல்லர் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் பெயர் பொறித்த சீருடையை அணிந்து நிற்கும் நான் பின் யாருடைய ஊழியன்?

மறுமொழி 1:
சட்டப்படி உங்களுக்கு வேலை தருபவர், பெரும்பாலும், கிளை நடத்த உரிமம் பெற்றவரே. அந்த உரிமத்துக்காக அவர் தலைமை நிறுவனத்துக்குச் செலுத்தும் ராயல்டி என்ற கட்டணம் லாபத்தின் மீதன்றி மொத்த விற்பனையின் மீதே பொதுவாகக் கணக்கிடப்படுவதால், கடை நட்டத்தில் ஓடினாலும் அதைச் செலுத்தியாக வேண்டும். மூலப்பொருள்களையும் தலைமை நிறுவனம் ஒப்புதல் அளித்தவர்களிடமே வாங்க வேண்டும். ஆகவே அவர் கைவைக்கக்கூடிய செலவாக எஞ்சுவது உங்கள் வேலை நேரம்தான். இதை அவருக்காகப் பரிந்து சொல்லவில்லை; செய்த வேலைக்குக் கூலி தராமலிருக்க எந்த ஒப்பந்தமும் சாக்காகாது.

மறுமொழி 2:
நான் முன்பு ஷிப்ட் மேலாளராக இருந்தவன். விற்பனையில் எத்தனை விழுக்காடு கூலியாகப் போகிறது என்பது மணிக்கு மணி கணினித் திரையில் தெரியும். வரம்பைத் தாண்டினால் யாரையாவது வீட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும். அப்படி அனுப்பியவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வந்த நேரத்தையும் உண்மையில் கிளம்பிய நேரத்தையும் அன்றன்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதி, சுவரில் ஒட்டும் ஷிப்ட் அட்டவணையையும் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய் வடிகட்டும்போது கையுறையும் முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கும். சுட்டுவிட்டால் பற்பசை தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

மறுமொழி 3:
அடைத்தவரே திறக்கும் வழக்கத்துக்குச் சில இடங்களில் சட்டமே கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நியூயார்க் நகரில் 2017 முதல், பெரிய துரித உணவுத் தொடர்களின் கிளைகள் 14 நாட்களுக்கு முன்பே அட்டவணையைத் தர வேண்டும். இரவு ஷிப்ட்டுக்கும் மறுநாள் ஷிப்ட்டுக்கும் இடையே 11 மணி நேரம் இல்லையென்றால், ஊழியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுவதோடு கூடுதல் தொகையும் தர வேண்டும். உங்கள் பகுதிச் சட்டத்தில் ஓய்வு நேரம் பற்றி என்ன இருக்கிறது என்று தொழிலாளர் துறையிலேயே கேளுங்கள். ஆனால் மனுவில் கடையின் பெயரை எழுதாமல், சம்பளச் சீட்டில் உள்ள பெயரை எழுதுங்கள்; பெரும்பாலும் உங்களுக்கு வேலை தருபவரின் பெயர் அதுதான்.

கேள்வி கேட்டவர்:
சம்பளச் சீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதங்களில் ஒருமுறைகூட நான் காதில் கேட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறது. குறிப்பேட்டை இன்றிரவே தொடங்குகிறேன்.