சென்னையில் குதிரையேற்றம்: பணம் கட்டும் முன் லாயத்தில் பார்க்க வேண்டியவை

மெரினாவில் குதிரைக்காரர் கயிறு பிடித்து நடக்க, மேலே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது வெறும் சவாரி. கற்றுக்கொள்ள ஈ.சி.ஆர். பக்கம் பள்ளிகள் உண்டு. சேருமுன் ஒருநாள் விடியற்காலை, சேணம் பூட்டும் நேரத்தில் லாயத்துக்குப் போய் நில்லுங்கள். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் வெள்ளைமுடித் திட்டு தெரிந்தால், பெரும்பாலும் பொருந்தாத சேணம் அழுத்திய பழைய காயம். வயிற்றுவார் படும் இடத்தில் பச்சைப் புண் இருந்தால் ஆசிரியரிடம் பேசவே வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள். குளம்பு லாடத்தைத் தாண்டி வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி அடிக்க வேண்டும்.

*

லாயம் சரி, வாத்தியாரை எப்படி எடை போடுறது? ஆரம்ப வகுப்புகளை லஞ்சிங்கில் எடுக்கிறாரான்னு பாருங்க. அவர் நடுவில் நின்னு 7, 8 மீட்டர் கயிற்றில் குதிரையை வட்டம் சுத்த விடுவார். கடிவாள வார் உங்க கையில இருக்காது. முதல் நாளே வாரைக் கொடுத்தா, ட்ராட்டில் (குதிரை துள்ளித் துள்ளிப் போற நடை) குலுங்கும்போது அதைப் பிடிச்சுத்தான் பேலன்ஸ் பண்ணுவீங்க. அந்த இழுப்பு மொத்தமும் குதிரை வாயில விழும். அப்புறம் அந்தப் பழக்கம் லேசில போகாது. 'குதிகால் கீழே, குதிகால் கீழே'ன்னு மட்டும் கத்துறவர் வேண்டாம். வட்டத்தில் ட்ராட் போகும்போது, குதிரையோட வெளிப்பக்கத் தோள் முன்னே போற நேரத்தில் சேணத்திலிருந்து லேசா எழுந்திருங்கன்னு சொல்றவர் தேவலை.

*

மேலே உள்ளவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குதிரைகளில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரைகளும் உண்டு. ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) கடிவாள வாரை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியவை அவை. புதியவர் பயந்து இரண்டு கையாலும் இழுக்கிறார், குதிரை வேகமெடுக்கிறது. உடனே முன்னால் குனிந்து முழங்காலை இறுக்குகிறார். அது அப்படியே ஜாக்கியின் நிலை! இன்னும் வேகம். 'இழுத்துப் பிடிங்க' என்று கத்தும் ஆசிரியர் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார். நிமிர்ந்து உட்காரச் சொல்லி, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஓட்டத்தை விட்டபின் எத்தனை மாதம் மறுபயிற்சி கொடுத்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

*

பைக் ஹெல்மெட் வேண்டாங்க, கனம். ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (குதிரையேற்ற ஹெல்மெட்டுக்கான அமெரிக்கத் தர அளவு) முத்திரை உள்ள ரைடிங் ஹெல்மெட் வாங்குங்க. ஒரு தடவை தலை அடிபட விழுந்தா, விரிசல் தெரியலைன்னாலும் மாத்தணும். ஸ்போர்ட்ஸ் ஷூவில் குதிகால் மேடு இல்லாததால பாதம் அங்கவடிக்குள்ள (கால் வைக்கிற வளையம்) முழுசா நழுவிடும். விழுந்தா குதிரை இழுத்துக்கிட்டே ஓடும். இரண்டு சென்டிமீட்டர் குதிகால் போதும்.

வயிற்றுவாரை ஏறும் முன்னாடி ஒருதரம், ஐந்து நிமிஷம் நடந்தபிறகு ஒருதரம் இறுக்கணும். பூட்டும்போது குதிரை நெஞ்சை உப்பிக்கும், நடந்ததும் வார் தளர்ந்துடும். இந்த இரண்டாவது இறுக்கலை விட்டுட்டா, திரும்பும்போது சேணம் உங்களோட சேர்ந்து பக்கவாட்டில் சரியும்.