கூம்பு ராக்கெட்: பறந்துவிட்டது! (புதுப்பிப்பு)

துடுப்பே இல்லாமல், வெறும் அட்டையில் 30 செ.மீ. உயரக் கூம்பு ஒன்றை ராக்கெட்டாகச் செய்வதாகவும், அது நிலையாகப் பறக்குமா என்று சந்தேகமாக இருப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன்.

சந்தேகம் சரிதான். கூம்புக்கு அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அதாவது 20 செ.மீ.யில் வரும். மோட்டாரைப் பொருத்தி விரல்மேல் நிறுத்திப் பார்த்தால் ஈர்ப்பு மையம் (எடை சமநிலையில் நிற்கும் புள்ளி) 22-இல் இருந்தது. நிலையாகப் பறக்க அது அழுத்த மையத்துக்கு முன்னால், நுனிப் பக்கம் இருக்க வேண்டும். அப்படியே ஏவியிருந்தால் குட்டிக்கரணம் அடித்திருக்கும். நுனிக்குள் 33 கிராம் களிமண்ணை அடைத்ததும் ஈர்ப்பு மையம் 16.5-க்கு முன்னேறியது. மொத்த எடை 103 கிராம். சி6-3 மோட்டார் தாங்கும் அளவுதான் (பெயரின் கடைசி எண், மோட்டார் எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும்வரை உள்ள தாமதம், நொடிகளில்).

ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு ஒரு விட்டம் அளவுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்ற விதி இங்கே பொருந்தவில்லை, அடி விட்டமே 15 செ.மீ. ஆனால் இப்படிக் குட்டையான, அகன்ற வடிவங்களுக்கு அகன்ற அடிப்பக்கத்தைப் பின்னோக்கி இழுக்கும் காற்றிழுவையே நிலையாகப் பறக்கப் பெரிய துணை. கயிற்றில் கட்டித் தலைக்குமேல் சுழற்றினேன். நுனி முன்னோக்கியே நின்றது. அந்த நிமிடம் வந்த நிம்மதி இருக்கிறதே!

அப்புறம், முதலில் வாங்க நினைத்தது சி6-5. இழுவை அதிகமான ராக்கெட் சீக்கிரம் வேகமிழந்துவிடும், ஐந்து நொடி காத்திருந்தால் பாராசூட் விரிவதற்குள் பாதி தூரம் விழுந்திருக்கும். அதனால்தான் மூன்று நொடித் தாமதம்.

நேற்றுக் காலை காற்றே இல்லை. ஏவுகம்பியை விட்டதும் லேசாக ஆடியது, பிறகு நேராக ஏறியது. உச்சி தாண்டியதும் பாராசூட் விரிந்தது. இறங்கும்போது அடி விளிம்பு ஓரிடத்தில் மடங்கிவிட்டது. அங்கே உள்பக்கம் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.